ஊர் வானொலியில் அரசியல் பேசலாமா? சமுதாய வானொலியின் எல்லைக்கோடு எங்கே இருக்கிறது

கையில் ஒரு கைப்பேசி இருந்தால் போதும், யூடியூபில் யாரும் அரசியல் பேசலாம். தொலைக்காட்சிகளில் இரவானால் விவாதம்தான். நாளிதழ்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால், 50 வாட் ஒலிபரப்பியை வைத்துக்கொண்டு சுற்றுவட்டாரம் பத்து கிலோமீட்டருக்குக் கேட்கும் ஒரு சமுதாய வானொலி, நேற்று தன் ஊராட்சியில் நடந்ததைச் செய்தியாகச் சொல்லக் கூடாது. இந்தியாவில் இன்றைக்கும் இதுதான் விதி.

நேயர்கள் பலருக்கு இது தெரியாது. "எங்க தெருவுல ஒரு வாரமா தண்ணி வரல, ரேடியோக்காரங்க அதப் பத்திப் பேசவே மாட்டேங்கிறாங்களே" என்று கோபப்படுகிறார்கள். நிலையத்தில் இருப்பவர்களுக்கோ எல்லை எங்கே என்று தெளிவாகத் தெரிவதில்லை. அதனால் பேசக்கூடியவற்றையும் சேர்த்தே விட்டுவிடுகிறார்கள். விதி தடுப்பதைவிட, நிலையங்கள் தாமாக ஒதுக்கிவைப்பதுதான் அதிகம். தண்ணீர் வராத தெருவைப் பற்றி வானொலியில் பேச முடியும். எப்படிப் பேசுவது என்பதற்கு முன், இந்த விதி எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும்.

இந்தியாவில் மூன்று வகை வானொலி

1. ஆகாசவாணி. அரசின் பொது ஒலிபரப்பு நிறுவனமான பிரசார் பாரதியின் கீழ் இயங்குவது. செய்தி சேகரித்து ஒலிபரப்பும் உரிமை இதற்கு மட்டுமே உண்டு.

2. தனியார் பண்பலை. ஏலத்தில் அலைவரிசை எடுத்து, விளம்பர வருமானத்தில் நடப்பது. 2001இல் பெங்களூருவில் தொடங்கியது. திரைப்பாடல், அரட்டை, போட்டி எல்லாம் உண்டு. சொந்தச் செய்தி கிடையாது.

3. சமுதாய வானொலி. லாப நோக்கமற்ற அமைப்புகள், கல்வி நிறுவனங்கள், வேளாண் அறிவியல் நிலையங்கள் ஆகியவை நடத்துவது. நாடு முழுவதும் ஏறத்தாழ 500 நிலையங்கள் இயங்குகின்றன. இவற்றுக்கும் சொந்தச் செய்தி கிடையாது.

சமுதாய வானொலிக்கான தொழில்நுட்ப வரம்பும் குறுகியதே. கதிர்வீச்சுத் திறன் 100 வாட்டைத் தாண்டக் கூடாது. 50 வாட் ஒலிபரப்பியும் ஆண்டெனாவின் பெருக்கமும் சேர்ந்தால் அந்த அளவு வந்துவிடும். ஆண்டெனா தரையிலிருந்து குறைந்தது 15 மீட்டர், அதிகபட்சம் 30 மீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். சமதளமான ஊரில் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் வரை தெளிவாகக் கேட்கும். நடுவில் குன்றோ அடுக்குமாடியோ வந்தால் குறையும். பெரும்பாலான நிலையங்கள் 90.4, 90.8, 91.2, 107.8 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் இருக்கின்றன. சென்னையிலும் பாம்பனிலும் ஒரே 90.4 இருக்க முடிவதற்கு இந்தக் குறுகிய வீச்சுதான் காரணம்.

காற்றலை யாருக்குச் சொந்தம்?

வானொலிக்கு அரசின் உரிமம் வேண்டும் என்பது 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டத்திலிருந்து வந்தது. வானொலி என்ற ஒன்றே புழக்கத்துக்கு வராத காலத்தில் எழுதப்பட்ட சட்டம் அது. விடுதலைக்குப் பின்னும் அதே அதிகாரம் அரசின் கையில் தொடர்ந்தது.

அதை உலுக்கியது ஒரு கிரிக்கெட் வழக்கு. 1993இல் நடந்த ஹீரோ கோப்பைப் போட்டிகளை ஒளிபரப்பும் உரிமையை வங்காளக் கிரிக்கெட் சங்கம் ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்றது. தூர்தர்ஷன் எதிர்த்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1995 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, கிரிக்கெட்டையும் தாண்டி ஓர் அடிப்படையை வகுத்தது: காற்றலைகள் பொதுச் சொத்து, அவற்றைப் பொதுநலன் கருதி ஒரு பொது அமைப்பு முறைப்படுத்த வேண்டும், அரசின் ஏகபோகமும் கூடாது, தனியாரின் ஏகபோகமும் கூடாது.

அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு சமூக அமைப்புகள் குரல் கொடுத்தன. சமுதாய வானொலிக்கு அனுமதி கேட்டு 1996இல் பெங்களூரு பிரகடனம், 2000இல் இன்றைய தெலங்கானாவில் உள்ள பஸ்தாபூரில் இன்னொரு பிரகடனம். பஸ்தாபூர்ப் பகுதியில் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோவுக்கு ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது, பேசுவதற்கு விஷயம் இருந்தது, உரிமம் மட்டும் இல்லை. நிகழ்ச்சிகளை ஒலிநாடாவில் பதிந்து சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். 2008 அக்டோபரில்தான் காற்றில் ஏற முடிந்தது.

நடுவில் அரசு இரண்டு படி இறங்கி வந்திருந்தது. 2002 டிசம்பரில் கல்வி நிறுவனங்களுக்கு அனுமதி கொடுத்தது. அதன்படி 2004 பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்.எம். தொடங்கியது, நாட்டின் முதல் சமுதாய வானொலி அதுதான். 2006 நவம்பரில் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் கடற்கரையில் விழுந்தமாவடியில் உருவான களஞ்சியம் வானொலியும், 2016இல் பாம்பனில் மீனவர்களுக்காகத் தொடங்கிய கடல் ஓசையும் அந்தக் கதவு வழியாக வந்தவை. 2024 பிப்ரவரியில் விதிகள் மீண்டும் திருத்தப்பட்டன. அந்த அறிவிப்பும் அண்ணா பல்கலைக்கழகத்தில் நடந்த மாநாட்டில்தான் வந்தது.

ஒவ்வொரு முறையும் யார் நடத்தலாம் என்ற பட்டியல் நீண்டது. செய்திக்கான தடை மட்டும் நகரவில்லை.

தடை சரியாக என்ன சொல்கிறது?

செய்தி, நடப்பு நிகழ்வுகள் தொடர்பான நிகழ்ச்சிகளையும் அரசியல் தன்மை கொண்ட நிகழ்ச்சிகளையும் ஒலிபரப்பக் கூடாது என்பதே விதி. "செய்தி" எது, "அரசியல் தன்மை" எது என்ற வரையறை இல்லை. சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. ரேஷன் கடையில் பருப்பு இல்லை என்பது அரசியலா? பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் இல்லை என்பது நடப்பு நிகழ்வா?

ஆனால், பண்பலைக் கொள்கையில் "செய்தி அல்லாதவை" என்று ஒரு பட்டியல் வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. இதை ஒவ்வொரு ஒலிப்பதிவுக் கூடத்திலும் ஒட்டிவைப்பது நல்லது:

1. போக்குவரத்து நிலவரம், வானிலை.
2. பண்பாட்டு நிகழ்ச்சிகள், திருவிழாக்கள்.
3. தேர்வு, தேர்வு முடிவு, கல்லூரிச் சேர்க்கை, தொழில் வழிகாட்டல்.
4. வேலைவாய்ப்புத் தகவல்.
5. மின்சாரம், குடிநீர் போன்ற குடிமை வசதிகள், இயற்கைச் சீற்றம், நலவாழ்வு எச்சரிக்கை ஆகியவை பற்றி உள்ளாட்சி நிர்வாகம் தரும் பொது அறிவிப்புகள்.
6. விளையாட்டுத் தகவல்; நேரடி வர்ணனை உள்ளூர்ப் போட்டிகளுக்கு மட்டும்.

இதோடு, ஆகாசவாணியின் செய்திகளைச் சமுதாய வானொலி அப்படியே ஒலிபரப்பலாம். உள்ளூர் மொழிக்கோ வட்டார வழக்குக்கோ மாற்றியும் தரலாம். மொழிபெயர்ப்பில் பொருள் மாறினால் பொறுப்பு நிலையத்துடையது.

இன்னொரு கட்டுப்பாடு ஆகாசவாணியின் நிகழ்ச்சி நெறிமுறை. நட்பு நாடுகளை விமர்சிப்பது, மதங்களையோ சமூகங்களையோ தாக்குவது, ஆபாசம், அவதூறு, வன்முறைத் தூண்டல், நீதிமன்ற அவமதிப்பு, ஓர் அரசியல் கட்சியைப் பெயர் சொல்லித் தாக்குவது, மத்திய அரசையோ மாநில அரசையோ பகைமையோடு விமர்சிப்பது ஆகியவை கூடாது என்கிறது அது. அரசு வானொலிக்கு என்று எழுதப்பட்ட நெறிமுறையை மக்கள் நடத்தும் வானொலிக்கும் அப்படியே பொருத்தியது சரியல்ல. ஆனாலும் அனுமதி ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது நிலையம் அதையும் ஏற்றுக்கொண்டே கையெழுத்திடுகிறது.

மீறினால் என்ன ஆகும்? விசாரணைக்குப் பின் முதல் முறை ஒரு மாதம் வரை ஒலிபரப்பு நிறுத்தம். இரண்டாம் முறை மூன்று மாதம் வரை. அதற்கு மேல் அனுமதியே ரத்து. ரத்தானால் ஐந்து ஆண்டுகள் மறுபடி விண்ணப்பிக்க முடியாது.

எல்லைக்கோடு: மூன்று கேள்விகள், நான்கு உதாரணங்கள்

விதியில் வரையறை இல்லாததால், நிகழ்ச்சியைத் திட்டமிடும்போதே மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நடைமுறையில் உதவும்.

முதலாவது: இந்தப் பேச்சு ஒரு கட்சியையோ வேட்பாளரையோ பதவியில் இருப்பவரையோ ஆதரிக்கவோ எதிர்க்கவோ நேயரைத் தூண்டுகிறதா? இரண்டாவது: நேற்றோ இன்றோ நடந்த ஒன்றை முதன்முதலாக அறிவிக்கிறதா, அல்லது ஏற்கெனவே நடைமுறையில் உள்ள ஒன்றை விளக்குகிறதா? மூன்றாவது: இதில் யார் மீதாவது குற்றம் சுமத்தப்படுகிறதா? அப்படியானால் அவர் பதில் சொல்ல இடம் இருக்கிறதா? மூன்றிலும் பதில் பாதுகாப்பாக இருந்தால் தயங்காமல் பேசலாம்.

தண்ணீர் வராத தெரு. நேயர் அழைத்து, "அந்த கவுன்சிலர் காசு வாங்கிக்கிட்டு பக்கத்துத் தெருவுக்குத் தண்ணி விடுறார்" என்கிறார். இதை அப்படியே ஒலிபரப்பினால் அவதூறு. குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு வரை போகலாம். அதற்காக அழைப்பையே தூக்கி எறிய வேண்டாம். தெரு எது, எத்தனை நாளாக, எத்தனை வீடு, புகார் எண் இருக்கிறதா என்ற நான்கு விவரங்களை வாங்க வேண்டும். நேயர் யாரைக் குறை சொன்னார் என்பதை விட்டு, குறை என்ன என்பதைப் பிரித்தெடுக்க வேண்டும். அடுத்து, குடிநீர்ப் பொறுப்பில் உள்ள அலுவலரின் விளக்கத்தைப் பதிந்து வர வேண்டும். மோட்டார் பழுதா, குழாய் உடைப்பா, எப்போது சரியாகும்? இரண்டையும் சேர்த்து, முதல்வரின் முகவரித் துறையின் 1100 எண்ணில் புகார் பதிவது எப்படி என்பதையும் சொல்லிவிட்டால், அது குடிமை வசதி பற்றிய நிகழ்ச்சி. தேதி குறிப்பிட்டு அலுவலர் சொன்ன வாக்குறுதியை அந்தத் தேதியில் திரும்ப எடுத்துப் பேசுவதுதான் பல நிலையங்கள் தவறவிடும் படி. ஊர்க்காரர்கள் வானொலியை நம்பத் தொடங்குவது அந்த இரண்டாவது நிகழ்ச்சியில்தான்.

கிராம சபை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே பேச ஏராளமாக இருக்கிறது. கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு. வரவு செலவுக் கணக்கைக் கேட்பது எப்படி. தீர்மானத்தை எழுத்தில் கொடுப்பது எப்படி. கணக்கு தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் மனுப் போட்டு 30 நாளில் பதில் பெறுவது எப்படி. இது முழுக்க அரசியல்தான், மிக ஆழமான பொருளில். ஆனாலும் விதி தடுக்கும் அரசியல் அல்ல. சட்டம் குடிமக்களுக்குக் கொடுத்த நடைமுறையின் விளக்கம். கூட்டம் முடிந்த மறுநாள், "தலைவர் மீது சரமாரிக் குற்றச்சாட்டு" என்று சொன்னால் அது செய்தி. நிறுத்திக்கொள்ள வேண்டிய இடம்.

மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாது. ஏன் இந்த 61 நாள், மீன் இனப்பெருக்கத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு, நிவாரணத் தொகைக்கு என்னென்ன ஆவணம் வேண்டும், வராவிட்டால் யாரிடம் கேட்பது, எல்லாமே பேசலாம். தடை நாள்கள் சரியான பருவத்தில் வருகின்றனவா என்று மீனவர்களும் கடல்வள ஆய்வாளரும் வாதாடினாலும் தவறில்லை.

படகு சிறைபிடிப்பு. இந்த இடத்தில்தான் விதி உண்மையிலேயே குத்துகிறது. இலங்கைக் கடற்படை படகைப் பிடித்தால், கரையில் இருக்கும் குடும்பத்துக்கு அந்த நேரத்தில் வேறு எதுவும் முக்கியமில்லை. பக்கத்தில் இருக்கும் வானொலி அதைச் சொந்தமாக அறிவிக்க முடியாது. ஆகாசவாணிச் செய்தியில் வந்தால் அதை எடுத்துத் தரலாம். சட்ட உதவி எங்கே கிடைக்கும், மீன்வளத் துறை அலுவலகத்தில் என்ன விவரம் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் தானாகச் சொல்லலாம். கண்ணெதிரே நடப்பதைத் தொலைவிலிருந்து வரும் செய்தியறிக்கைக்காகக் காத்திருந்து சொல்ல வேண்டும் என்ற ஏற்பாட்டுக்கு எந்த நியாயமும் இல்லை.

புத்தகத்தைப் பேசுவது: தடையில்லாத பெரிய வெளி

அரசியலை நேராகப் பேச முடியாத இடத்தில் புத்தகம் நல்ல வழி. நில உரிமை, சாதி, பெண்கல்வி, ஆறு, காடு எதைப் பற்றியும் புத்தகம் இருக்கிறது. புத்தகத்தை முன்வைத்து நடக்கும் உரையாடல் நடப்புச் செய்தி ஆகிவிடாது. ஐம்பது ஆண்டுக்கு முந்தைய பஞ்சத்தைப் பற்றிய நாவலைப் பேசும்போது, நேயரே தன் ஊர் ஏரியை நினைத்துக்கொள்வார். தொகுப்பாளர் அதைக் கட்சிக்குக் கட்சி ஒப்பிட்டு இழுத்துச் செல்லாதவரை சிக்கல் வராது.

கவனிக்க வேண்டியது பதிப்புரிமை. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். விமர்சனத்துக்காகச் சில பகுதிகளை நியாயமான அளவில் எடுத்தாள 52ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. எவ்வளவு என்று பக்கக் கணக்கு இல்லை. அரைமணி நேர உரையாடலில் மூன்று நான்கு நிமிடம் வாசித்து, மீதியைப் பேச்சுக்கு விட்டால் அது விமர்சனம். முழுச் சிறுகதையை வாசித்துவிட்டுக் கடைசியில் இரண்டு வரி கருத்துச் சொன்னால் அது ஒலிநூல். அதற்கு உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். முழுதாக வாசிக்க விரும்பினால் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் இருக்கின்றன. பாரதியார், பாரதிதாசன், கல்கி தொடங்கி நீண்ட பட்டியல் அது. பலவும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கின்றன.

நிகழ்ச்சி தோற்பதற்கு வழக்கமான காரணம், விருந்தினரே முழுக் கதையையும் சொல்லிவிடுவது. அதற்குப் பதில் ஒரு பத்தியை மட்டும் வாசித்துவிட்டு, புத்தகத்தைப் படிக்காதவர் ஒருவரிடம் முதல் கேள்வியைக் கேளுங்கள். நெசவு பற்றிய கதை என்றால் ஒரு நெசவாளர்; உப்பளம் பற்றியது என்றால் உப்பளத் தொழிலாளி. எழுத்தாளர் சரியாக எழுதியிருக்கிறாரா, எங்கே தவறினார் என்று சொல்லத் தகுதி அவருக்கு இருக்கிறது. மொத்த நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதி அந்தப் பகுதி மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும் என்ற விதியும் இப்படித்தான் நிறைவேறும். பேராசிரியரின் உரையை நாற்பது நிமிடம் ஒலிபரப்புவதால் நிறைவேறாது.

நேரலையா, பதிவா?

நேயர் அழைப்போடு நடக்கும் பேச்சு நிகழ்ச்சியில் பெரும்பாலான விபத்துகள் நேரலையில்தான் நடக்கின்றன. பெரிய நிலையங்கள் ஒலியை ஏழு முதல் பத்து நொடி தாமதப்படுத்தும் கருவி வைத்திருக்கும். யாராவது சாதி சொல்லித் திட்டினாலோ ஒருவரைத் திருடன் என்றாலோ ஒரு பொத்தானில் வெட்டிவிடலாம். சிறிய நிலையத்தில் அந்தக் கருவி இல்லையென்றால் எளிய மாற்று உண்டு: மாலை ஐந்து முதல் ஆறு வரை அழைப்புகளை வாங்கிப் பதிந்து, ஏழரைக்கு ஒலிபரப்புவது. இடையில் உள்ள ஒன்றரை மணி நேரம் வெட்டவும், அலுவலரின் பதிலைச் சேர்க்கவும் போதும். புயல், வெள்ளம் போன்ற நேரங்களுக்கு நேரலையை வைத்துக்கொள்ளலாம்.

ஒலித் தரத்தில் கெட்டுப்போகும் இடங்கள் சில:

1. எதிரொலி. நேயர் தன் வீட்டு வானொலியை அணைக்காமல் பேசினால் அவர் குரல் சுற்றிச் சுற்றி வரும். அழைப்பை எடுப்பவர் முதலில் சொல்ல வேண்டியதே "ரேடியோவ அணைச்சிட்டுப் பேசுங்க" என்பதுதான்.

2. நேயருக்குத் தன் குரலே திரும்பக் கேட்பது. ஒலிகளைக் கலக்கும் கருவியான மிக்சரிலிருந்து தொலைபேசிக்குப் போகும் ஒலியில் தொகுப்பாளர், விருந்தினர் குரல்கள் மட்டும் இருக்க வேண்டும்; நேயரின் குரல் இருக்கக் கூடாது. மிக்ஸ் மைனஸ் என்பார்கள். தொலைபேசியை மிக்சரோடு இணைக்கும் தனி ஹைப்ரிட் கருவி இல்லாவிட்டால், மிக்சரின் ஆக்ஸ் வழியை, அதாவது ஒலியைத் தனியே வெளியே அனுப்பும் துணை வழியை, தொலைபேசிக்குக் கொடுத்து, தொலைபேசி சேனலின் ஆக்ஸ் குமிழை மட்டும் சுழியத்தில் வைத்தால் போதும்.

3. மின்விசிறி இரைச்சல். கண்டென்சர் மைக் அறையின் எல்லா ஓசையையும் இழுக்கும். ஒலிக்காப்பு சரியில்லாத அறைக்கு டைனமிக் மைக்தான் ஏற்றது. வாயிலிருந்து ஒரு சாணுக்குள், நேராக அல்லாமல் சற்றே சாய்வாக வைத்தால் "ப", "ட" ஒலிகள் வெடிக்காது.

4. அளவு. மிக்சரின் ஒலிமானியில் பேச்சின் உச்சம் கழித்தல் 12 டெசிபலுக்கும் கழித்தல் 6க்கும் இடையில் நிற்கட்டும். வாக்குவாதம் சூடாகும்போது எல்லோரும் குரல் உயர்த்துவார்கள். அந்த இடத்துக்காகத்தான் மேலே இடம் விடுகிறோம்.

5. ஆள் எண்ணிக்கை. ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு மேல் பேசினால் வானொலியில் யார் யார் என்று தெரியாது. சுயஉதவிக் குழுவிலிருந்து பத்துப் பேர் வந்தால் மூன்று மூன்றாகப் பதியுங்கள்.

ஒலிபரப்பிய அனைத்தையும் மூன்று மாதம் பாதுகாக்க வேண்டும் என்பது விதி. சுமையாகத் தோன்றினாலும், புகார் வரும்போது நிலையத்தைக் காப்பது இந்தப் பதிவுதான். 128 கிலோபிட் தரத்தில் எம்.பி.3 கோப்பு மணிக்கு 57.6 மெகாபைட். நாளைக்கு 12 மணி நேரம், 92 நாள் என்றால் ஏறத்தாழ 64 ஜிகாபைட். ஒரு 128 ஜிகாபைட் சேமிப்பான் போதும். தேதி, நேரம், பேசியவர் பெயர், அவர் பதிவுக்குச் சம்மதித்தாரா என்ற விவரத்தோடு ஒரு நோட்டும் வேண்டும்.

தேர்தல் காலம்

அறிவிப்பு வந்த நாளிலிருந்து முடிவு வரும் வரை நடத்தை விதிகள் அமலில் இருக்கும். அரசியல் விளம்பரம் எதுவானாலும் ஊடகச் சான்றளிப்பு, கண்காணிப்புக் குழுவின் முன்சான்று வேண்டும். நிலையத்தின் தொகுப்பாளரோ வழக்கமான விருந்தினரோ வேட்பாளரானால், பழைய பதிவுகளின் மறு ஒலிபரப்பு உட்பட அவர் குரலை நிறுத்திவைப்பது பாதுகாப்பு. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பது, வாக்குச்சாவடி எங்கே, மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன வசதி என்பவை தாராளமாகப் பேசக்கூடியவை.

நிலையங்கள் ஏன் கோட்டுக்கு முன்பே நின்றுவிடுகின்றன?

காரணம் பணம். 2024 திருத்தத்துக்குப் பின் மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம். முன்பு 7 நிமிடம். அரசு விளம்பரத்துக்கு 10 நொடிக்கு 74 ரூபாய், முன்பு 52. ஒரு மணி நேரத்தின் பன்னிரண்டு நிமிடமும் நிரம்பினாலும் 72 துண்டுகள், 5,328 ரூபாய். நடைமுறையில் அவ்வளவு நிரம்புவதே இல்லை. பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் மளிகைக்கடையும் துணிக்கடையும் தருவது சொற்பம். ஆகவே சிறிய நிலையத்தின் வரவில் அரசு விளம்பரமும் அரசுத் திட்ட நிகழ்ச்சிகளும் பெரும்பங்கு. விளம்பரம் தருவது, அனுமதி தருவது, அனுமதியை ரத்து செய்வது மூன்றும் ஒரே அமைச்சகத்தின் கையில் இருக்கும்போது, நிலைய மேலாளர் குடிநீர்ப் பிரச்சினையைக்கூட ஒருமுறைக்கு இருமுறை யோசித்துத்தான் எடுப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

இதைக் குறைக்க வழி, முடிவை ஒருவர் தோளில் விடாமல் இருப்பது. ஏழெட்டுப் பேர் கொண்ட நிகழ்ச்சிக் குழு ஒன்று, அதில் பாதியாவது பெண்கள், ஊரின் எல்லாத் தெருக்களிலிருந்தும் ஆள். வாரம் ஒருமுறை கூடி, சர்ச்சைக்குரிய நிகழ்ச்சி பற்றிய முடிவைக் காரணத்தோடு எழுதிக் கையெழுத்திட வேண்டும். விசாரணை வந்தால் அந்த ஏடு பேசும்.

தடை நீங்குமா?

செய்தித் தடையை எதிர்த்து, பொதுநல வழக்குகள் தொடரும் காமன் காஸ் அமைப்பு 2013இல் உச்ச நீதிமன்றம் போனது. சமூக அமைதிக்கும் பாதுகாப்புக்கும் கேடு வரலாம், இத்தனை நிலையங்களைக் கண்காணிக்க ஏற்பாடு இல்லை என்பது அரசுத் தரப்பின் வாதம். கைப்பேசியில் வதந்தி நொடியில் ஆயிரம் பேருக்குப் போகும் காலத்தில் இந்த வாதம் நிற்காது. சமுதாய வானொலிக்கு முகவரி இருக்கிறது, பதிவு இருக்கிறது, பொறுப்பேற்கும் ஆள் இருக்கிறார்கள். வதந்தியை மறுக்க ஊரில் மிகவும் தகுதியான குரலும் அதுவே.

நேபாளம் இதில் முன்னே போனது. காத்மாண்டுவில் 1997இல் ரேடியோ சாகர்மாதா தொடங்கியது. 2001இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பண்பலைகளின் செய்தித் தடையை நீக்கியது. 2005இல் மன்னர் ஞானேந்திரா ஆட்சியைக் கைப்பற்றியபோது பண்பலைச் செய்திகளுக்கு மீண்டும் தடை போட்டார். அதற்குள் நேயர்கள் உள்ளூர்ச் செய்திக்குப் பழகியிருந்தார்கள்.

இந்தியாவில், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023 செப்டம்பரில் ஒரு பரிந்துரை செய்தது: மணிக்குப் பத்து நிமிடம் வரை செய்தியும் நடப்பு நிகழ்ச்சியும் தர அனுமதிக்கலாம், ஆகாசவாணியின் நெறிமுறையே பொருந்தும் என்றது. பரிந்துரை தனியார் பண்பலைக்குத்தான். சமுதாய வானொலி அதில் இல்லை. இதை அரசு அப்படியே ஏற்றால், நகரத்தில் விளம்பரத்தில் நடக்கும் நிலையம் செய்தி சொல்லும். தொலைக்காட்சி நிருபர் எட்டிப்பார்க்காத ஊராட்சியில் இருக்கும் நிலையம், ஆகாசவாணிச் செய்தியை மொழிபெயர்த்துக்கொண்டே இருக்கும். சமுதாய வானொலி அமைப்புகள் இப்போதே கேட்க வேண்டியது, அதே பத்து நிமிடம் தங்களுக்கும் வேண்டும் என்பதை.